காய்ச்சல் இல்லாத விடுப்புக் கடிதம்

சிலமலைக்குப் பக்கத்திலிருந்த அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்கு வரும் ஒரே நோய் காய்ச்சல்தான். விடுப்புக் கடிதங்களை நம்பினால் அப்படித்தான் நினைக்கவேண்டும். தலைமையாசிரியர் பாண்டித்துரை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவற்றை எல்லோர் முன்னாலும் உரக்க வாசிப்பார். வேறு காரணம் எழுதியவரைக் கிண்டலாலேயே தோலுரித்துவிடுவார். அதனால் யாரும் வேறு எதுவும் எழுதுவதில்லை.

வகுப்பாசிரியை சுகன்யாவுக்கு இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. போடியிலிருந்து வரும் பஸ் பள்ளி வாசலில் நின்றால் இறங்கக் கால் வராது. ஏலக்காய் பறிக்கத் தாய்மார்கள் விடியுமுன் ஜீப்பில் மலையேறிவிடுகிறார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளைகள் வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். வருகை குறைந்த பழி மட்டும் அவள் தலையில்.

"பிள்ளைகளப் பிடிச்சு வைக்கத் துப்பில்லாதவங்க எதுக்கு வேலைக்கு வர்றீங்க?" என்று வகுப்பின் நடுவிலேயே கேட்டுவிட்டார் பாண்டித்துரை. அவள் ராஜினாமாவை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கூட்டம் முடிந்ததும் ஒரு கடிதம் தரவேண்டும் என்று அவரிடம் சொல்லியும் விட்டாள்.

அன்றைய கூட்டத்தில் கணக்கு டீச்சர் வீரலட்சுமியின் கடிதத்தை எடுத்த பாண்டித்துரை, முதல் வரியிலேயே நிறுத்தினார். வீரலட்சுமிக்கு இருபது வருட சர்வீஸ். அவரிடம் யாரும் வாலாட்ட முடியாது.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க?"

"இதத் தனியாப் பேசிக்கலாம் டீச்சர்."

"கொண்டாங்க, நானே வாசிக்கிறேன்." வாய்ப்பாடு சொல்லும் அதே குரலில் வாசித்தார். "மூன்று ஆண்டுகளாக மனச்சோர்வுக்கு மருந்து உட்கொண்டு வருகிறேன். மருத்துவரைப் பார்க்க வியாழக்கிழமை விடுப்பு அளிக்க வேண்டுகிறேன்."

வீரலட்சுமி கடிதத்தை மடித்து அவர் முன்னால் வைத்தார்.

"மூணு வருசமாக் காய்ச்சல்னு பொய் எழுதுனேன் சார். இனி எழுதல. பிள்ளைக முன்னாடி எங்கள ஏசுறதையும் நீங்க இன்னையோட விட்டுருங்க."

பாண்டித்துரை மீதிக் கடிதங்களை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். சுகன்யாவுக்கு நெஞ்சு விம்மியது. எதற்கும் கலங்காத மனுஷி என்று நினைத்திருந்தவர், இந்த வலியோடுதான் தினமும் கரும்பலகை முன் நின்றிருக்கிறார். அப்படிப்பட்டவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று தோன்றியது.

"நீங்க ஏதோ கடிதம் தரணும்னீங்களே டீச்சர்?" என்றார் பாண்டித்துரை.

"லீவு லெட்டர் சார். வியாழக்கிழமைக்கு."

"காரணம்?"

சுகன்யா ராஜினாமா இருந்த கைப்பையை மூடினாள். "வீரலட்சுமி அக்காவுக்கு உள்ளதுதான் சார், எனக்கும்."

வீரலட்சுமி ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"வெரசா எழுது ஆத்தா. சேர்ந்தே போவோம்."