மூக்கில் இல்லாத ரேடியேட்டர்

ரோவீனா டட்டிலின் காரில் ரேடியேட்டர் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க, வேகப் பந்தயம் நடக்கும் உப்புவெளியில் மூன்று நாளும் ஒருவர் அவரை விடவில்லை. ஆகவே நானே முதல் வரியில் சொல்லிவிடுகிறேன்.

காரின் உடம்பு 1929ஆம் வருடத்தது, கூரை கிடையாது. உள்ளே 1948இல் வார்த்த ஃபிளாட்ஹெட் இன்ஜின். வேகத்துக்காக வெட்டி ஒட்டிக் கட்டும் ஹாட் ராட்காரர்களிடம் அந்த இன்ஜினுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: சீக்கிரம் கொதித்துவிடும். ரோவீனாவுக்குப் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் வேலை. வழக்கமாகக் காரின் மூக்கில் இருந்து இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரை, இரண்டு குளிர்காலங்களைச் செலவழித்துப் பின்னால் கொண்டுபோனார். தரைக்கு அடியில் நீண்ட குழாய்கள், காற்றை இழுக்கப் பின்னால் இரண்டு மின்விசிறிகள். எடை பின் சக்கரங்கள் மேல் விழுவதால் உப்பில் வழுக்கல் குறையும். அதைவிட முக்கியம், முன்னால் காற்று நுழையும் கிரில் கம்பிகளை அலுமினியத் தகட்டால் முழுவதும் மூடிவிடலாம். காற்று உள்ளே புகுந்து காரைப் பிடித்து நிறுத்தாது. இவ்வளவு பாடும் அந்தத் தகட்டுக்காகத்தான்.

பழைய இன்ஜின் வகுப்பில் பதினோரு வருடமாக அசையாத சாதனை, மணிக்கு 138.412 மைல். வெள்ளிக்கிழமை ரோவீனா 139.902 ஓடினார். மறுநாள் காலை இன்னொரு முறை ஓட வேண்டும். இரண்டின் சராசரிதான் சாதனை. சனிக்கிழமையோடு பந்தயம் முடிகிறது.

டெல்மர் கிராண்டி எங்கள் கிளப்பின் முன்னாள் தலைவர். புதன்கிழமையே வந்து காரின் மூக்கைத் தட்டினார்.

"ஏம்மா, இதை யாரு அடைச்சு வச்சது? மூச்சு முட்டிச் செத்துரும்."

"ரேடியேட்டர் அங்க இல்ல டெல்மர், நான் அதை..."

"ஃபிளாட்ஹெட் பத்தி எனக்கே பாடமா கண்ணு? நீ ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடியே மூணு இன்ஜின் பிளாக்கை வெடிக்க விட்டவன் நான்."

"அதுல என்ன பெருமை சார்?" என்றார் கர்ட், ரோவீனாவின் தம்பி.

டெல்மர் அவர் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயாவது கேளு. என்ன தெர்மோஸ்டாட் போட்டிருக்க?"

"நான் பின்னால பிக்கப்ல இருந்து தள்ளி விடுறவன். கட்டினது பூரா அக்கா. அவங்களைக் கேளுங்க."

கேட்கவில்லை. வியாழனும் வந்தார், வெள்ளியும் வந்தார். காரின் பின்மூடி திறந்தே கிடந்தது. நான்கு எட்டு நடந்து எட்டிப் பார்த்திருந்தால் போதும். வெள்ளியன்று காகிதத் தட்டில் பான்கேக்கைத் தின்றுகொண்டே சொன்னார்: "இன்னிக்கு ஓடினது குருட்டு அதிர்ஷ்டம். நாளைக்குப் பால் மாதிரிப் பொங்கும், பாரு."

"ஒரு நிமிஷம் பின்னால வாங்க, காட்டுறேன்."

"பின்னால என்ன இருக்கு? கோளாறு முன்னாலதானே இருக்கு!"

சனிக்கிழமை காலை புறப்படும் கோட்டில், ஹெல்மெட்டும் பட்டைகளுமாய் ரோவீனா இறுகக் கட்டப்பட்டுத் தாழ உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து காரின் மூக்கு தெரியாது. கர்ட் பின்னால் பிக்கப்பில். கொடி காட்டுபவர் பட்டைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். டெல்மர் முன்னால் குனிந்தார். தகட்டைப் பிடித்திருந்த நான்கு திருகுகளும் கால் சுற்றில் கழலும் வகை. கழற்றித் தகட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ரோவீனாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அந்த விரல் மட்டுமே கண்ணில் பட்ட ரோவீனா, வாழ்த்துகிறார் என்று நினைத்துத் தானும் கட்டைவிரலை உயர்த்தினார்.

136.744. சராசரி 138.323. தவறியது ஒரு மைலில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

கூடாரத்துக்குத் திரும்பி ரோவீனா ஹெல்மெட்டைக் கழற்றும்போது, டெல்மர் தகட்டோடு வந்தார்.

"பாத்தியா, ஒரு பொட்டு ஆவி இல்ல! இதை மட்டும் நான் கழட்டலேன்னா இன்ஜின் போயிருக்கும். ஒரு நன்றி சொன்னா குறைஞ்சு போயிடமாட்ட."

ரோவீனா தகட்டையே பார்த்தார். பிறகு இன்ஜின் மூடியைத் தூக்கினார்.

"கிரில்லுக்குப் பின்னால கையை விடுங்க."

"எதுக்கு?"

"ரேடியேட்டரைத் தொட்டுக் காட்டுங்க."

டெல்மர் சிரித்துக்கொண்டே தோள் வரை கையை விட்டார். துழாவினார். கிரில் கம்பிகளின் இடுக்கில் அவருடைய விரல்கள் வெளியே எங்களுக்குத் தெரிந்தன. யாரோ ஒருவர் சிரித்தார். ரோவீனா சிரிக்கவில்லை.

"யாராவது சொல்லியிருக்கலாமே," என்றார் டெல்மர்.

"மூணு நாளா என் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

கிளப் செயலாளர் குறுக்கே வந்தார். "விடு ரோவீனா. நல்லது நெனச்சுத்தானே செஞ்சாரு."

"நல்லதா? என் கார்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டா அது கெட்டதா? ரெண்டு வருஷம் சார்! ஒரு விடுமுறை எடுத்ததில்ல."

செயலாளர் என்னிடம் திரும்பினார். கிளப் இதழுக்கு எழுதுபவன் நான். "ஏமஸ், வெயில்ல வேகம் கொறைஞ்சுதுன்னு போட்டுருங்க. எதுக்கு வம்பு?"

ரோவீனாவும் அப்போதுதான் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த குறிப்பேட்டையும்.

"நீங்க கோட்டுலதானே நின்னீங்க. இவர் கழட்டினதைப் பாத்தீங்களா?"

பார்த்தேன். எழுதியும் வைத்திருந்தேன்: காலை மணி எட்டு பன்னிரண்டு, மூக்குத் தகடு அகற்றம்.

"ரேடியேட்டர் பின்னால இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமே. புதன்கிழமை நான்தானே காட்டினேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் ஒரு சத்தம் போடல?"

"டெல்மராச்சே, காரணம் இல்லாம செய்யமாட்டார்னு நெனச்சேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. டெல்மரின் கையிலிருந்து தகட்டை வாங்கினார். இனி ஓட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் மண்டியிட்டு அதை அதன் இடத்தில் பொருத்தி, நான்கு திருகுகளையும் ஒவ்வொன்றாக முடுக்கினார்.

"நடந்ததை எழுதுங்க," என்றார், திரும்பாமல். "ரெண்டு பேர் பேரையும் போடுங்க."

டெல்மர் கிராண்டி. ஏமஸ் பெக்.