பஸ் அட்டவணையில் ஒரு பாய்மரப் படகு

என் மனைவி பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிறவள். அவளுக்கு உலகமே புறப்பாடு, வருகை என்ற இரண்டு கட்டம்தான். அப்படிப்பட்டவள் இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் ஏரிக்குப் போய்ப் பாய்மரப் படகு ஓட்டப் பழகி, சான்றிதழும் வாங்கிவிட்டாள்.

இந்த விடுமுறைக்கு ஐந்து நாள் கடல். வரிசையாகத் தீவுகள் நின்று அலையைத் தடுக்கும் அமைதியான கரை. திரும்பிய பக்கமெல்லாம் மலையும் மரமும். வாடகைப் படகை அவளேதான் ஓட்ட வேண்டும். "வேற ஆள் ஓட்டுறதுன்னா நான் வீட்லயே இருந்துக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

ஆனால் பயணத் திட்டம் திருப்தியாக இருந்தால்தான் படகுக்காரர் படகைத் தனியாகத் தருவார். இல்லையென்றால் அவருடைய ஆளும் ஏறிக்கொள்வார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அவருடைய அறையில், ஈரக் கயிறுகளுக்கு நடுவே உட்கார்ந்து, மனைவி தாளை நீட்டினாள். முதல் வளைகுடா 10.20. அடுத்தது 11.45. படகுக்காரர் கண்ணாடியை இறக்கினார்.

"போக ரெண்டு நாள், வரவும் அதே ரெண்டு நாளா? இது என்ன பஸ்ஸாம்மா? வரும்போது எதிர்க்காத்து. வளைஞ்சு வளைஞ்சுதான் வரணும். ஒரு ஆளை அனுப்புறேன்." போனை எடுத்துவிட்டார்.

அவள் முகம் சுண்டிப்போனது. யானைக்கும் அடி சறுக்கும்தான், அதற்காக இன்றைக்கா சறுக்க வேண்டும்?

"ஒரு நிமிஷம் சார்" என்றாள். "ரோடு அடைச்சிட்டாங்கன்னா நாங்க பஸ்ஸை நிறுத்திடறதில்ல, மாத்திப் போடுவோம். எதிர்க்காத்து எத்தனை மணிக்கு எழும்பும்? எப்ப அடங்கும்?"

அவர் சொல்லச் சொல்ல அழித்து எழுதினாள். திரும்பி வரும் இரண்டு நாள் மூன்று நாளாயிற்று. காற்று மோசமானால் எங்கே ஒதுங்குவது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் இடம் குறித்தாள். அருவி பார்க்கவென்று நான் ஆசை ஆசையாகக் கேட்டு வாங்கியிருந்த நடு நாள் அதில் அடிபட்டுப் போயிற்று. அந்த வரியை அழிக்க நானே ரப்பரை எடுத்துக் கொடுத்தேன்.

படகுக்காரர் தாளை இரண்டு முறை படித்தார். "இதுல ஒரு நகல் எடுத்துக்கட்டுமாம்மா? வர்றவங்களுக்குக் காட்டணும்."

பிறகு பழக்கதோஷத்தில் படகின் சாவியை என்னிடம் நீட்டினார்.

நான் கையைக் கட்டிக்கொண்டேன். "நான் வெறும் பயணிங்க. ஓட்டுறவங்க அவங்க."

என் வாழ்க்கையில் இவ்வளவு பெருமையாக நான் எதையும் சொன்னதில்லை. அவள் சாவியை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"காலைல எட்டு மணிக்குப் புறப்பாடு. லேட்டா வந்தீங்கன்னா விட்டுட்டுப் போயிடுவேன்."

ஏழரைக்கே போய் நின்றேன்.