என் கோபமும் நவ்ரஸின் கோல்களும்

நவ்ரஸ் தன் வாழ்நாளில் அழகான கோல் ஒன்றுகூட அடித்ததில்லை. இதை எங்கள் ஊர் ஹோம்ஸில் சொன்னால் இன்றும் சண்டைக்கு வருவார்கள். ஆனால் நான் அவன் மனைவி, எனக்குத் தெரியும். முழங்காலால் அடித்திருக்கிறான், தோளால், முதுகால். ஒருமுறை லடாக்கியாவில் தடுக்கிக் கீழே கிடந்தவனின் பின்மண்டையில் பந்து பட்டு உள்ளே போனது. தோழர்கள் மேலே வந்து விழுந்து கட்டிக்கொண்ட பிறகுதான் கோல் அடித்தது தான் என்று அவனுக்குத் தெரிந்ததாம். மற்றவர்கள் பந்தைத் தேடி ஓடுவார்கள். இவனைப் பந்து தேடி வந்து முட்டும்.

பதினேழு வயதில் எங்கள் ஊர்க் கால்பந்து அணியான ஆசி கழகத்தின் பச்சைச் சட்டையைப் போட்டான். தேசிய அணிக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள்; இரண்டு முறையும் பெஞ்சில் உட்கார வைத்து, முதுகில் தட்டித் திருப்பி அனுப்பினார்கள். "கோல் அடிக்கிறான், ஆனால் பார்க்க நன்றாக இல்லை" என்றாராம் பயிற்சியாளர். பிற்பாடு பெய்ரூட், மஸ்கட் என்று போன இடமெல்லாம் அடித்துக்கொண்டேதான் இருந்தான். பத்திரிகைக்காரர்கள் அவன் கதையை எழுதும்போது ஹோம்ஸில் ஆடிய ஓர் ஆட்டப் பருவத்தை மட்டும் பொற்காலம் என்பார்கள். அந்தப் பொற்காலத்தில் நான் அவன் வீட்டில் இல்லை. கோபித்துக்கொண்டு அப்பா வீட்டில் இருந்தேன்.

எல்லாம் ஓர் ஆலிவ் காயில் ஆரம்பித்தது.

கல்யாணமாகி இரண்டாம் வருடம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். அன்றைய ஆட்டத்தில் நவ்ரஸ் கோல் அடிக்கவில்லை. கோல் அடிக்காத நாளில் அவன் யாரோடும் பேசமாட்டான். தட்டிலிருக்கும் ஆலிவ்களை எடுத்து மேசைத்துணிமேல் பரப்பி, எங்கே தப்பு நடந்தது என்று பார்த்துக்கொண்டிருப்பான். கறுப்பு ஆலிவ் எதிரணி, பச்சை அவன் அணி, உப்புக் குப்பி கோல்கீப்பர். அப்பா சைக்கிள் கடை வைத்திருப்பவர். பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். டயர் விலை ஏறியதைச் சொன்னார். நவ்ரஸ் உப்புக் குப்பியை நகர்த்தினான். கடைசியில் கையை நீட்டி ஒரு கறுப்பு ஆலிவை எடுத்தார். நவ்ரஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"வைங்க மாமா! அது அவங்க டிஃபெண்டர்!"

அப்பா வைத்துவிட்டார். வைத்த இடம் சரியில்லை என்று நவ்ரஸ் அதை இரண்டு விரல் அகலம் நகர்த்தினான்.

அவர்கள் கிளம்பும்போது நானும் பெட்டியோடு கிளம்பினேன். அதைக் கோபம் என்று சொல்லலாமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அலுப்பாக இருந்தது. என்னை அவன் ஒருமுறை தேட வேண்டும் என்று இருந்தது. அந்த ஆசையை வெளியில் சொல்ல வெட்கம். கோபம் என்று சொன்னால் கௌரவம். கோபித்துக்கொண்டு போகும் பெண்ணுக்கு எங்கள் ஊரில் ஒரு முறை இருக்கிறது. ஒரு வாரம், பத்து நாள் அப்பா வீட்டில் இருப்பாள். பிறகு கணவன் பக்கத்துப் பெரியவர்கள் வருவார்கள். காப்பி வரும். குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு, "நாங்கள் கேட்க வந்ததைக் கொடுத்தால்தான் குடிப்போம்" என்பார்கள். அப்பா கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, பிறகு "கொடுத்தாச்சு, குடியுங்கள்" என்பார். பெண் பெட்டியை எடுப்பாள். நான் பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நவ்ரஸ் மூன்று கோல் அடித்தான். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு. மூன்றாவது வாரம் அலெப்போவில், எண்பதாவது நிமிடத்தில், காதால் ஒன்று.

பெரியவர்கள் வந்தது ஒரு புதன்கிழமை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். ஹோம்ஸ்காரர்களுக்கு மட்டும் அது பொருந்தாது. புதன்கிழமையன்று எங்களுக்கு மூளை விடுப்பில் போய்விடும் என்று நாடே சிரிக்கும். கழகத் தலைவர் அபூ ஷுக்ரி, சிமெண்ட் வியாபாரி, கறுப்புக் கோட்டில் வந்தார். கூடவே முடிதிருத்தும் ஜமீல். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன், காலணியை மாட்டிக்கொண்டு.

அபூ ஷுக்ரி காப்பியைத் தொடாமல் வைத்தார்.

"அபூ ராத்திப், உங்ககிட்ட ஒண்ணு கேட்டு வந்திருக்கோம். கொடுத்தாத்தான் குடிப்போம்."

"கேளுங்க," என்றார் அப்பா. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள ரொம்பக் கஷ்டப்பட்டார்.

"பொண்ணு இங்கயே இருக்கட்டும்."

"என்னது?"

"பருவம் முடியற வரைக்கும். அப்புறம் நாங்களே வந்து தலைமேல வெச்சுக் கூட்டிட்டுப் போறோம்."

"ஊரே கூட்டிக் கழிச்சுப் பார்த்துட்டோம், மாமா," என்றார் ஜமீல். "ஹியாம் போனா, கோல் வந்தது. வேற காரணம் இருந்தா நீங்களே சொல்லுங்க."

"என் பொண்ணு என்ன தாயத்தா?" என்று அப்பா கத்தினார். ஆனால் அப்பாவும் பச்சைச் சட்டைக்காரர். கடைச் சுவரில் கழகத்தின் படம் மாட்டியிருக்கிறார். கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு, "கோப்பை கிடைக்கும்னு நினைக்கிறீங்களா?" என்றார். அதற்குப் பிறகு அவர்கள் காப்பியை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. நான் காலணியைக் கழற்றினேன்.

அன்றிலிருந்து என் கோபம் ஊர்ச் சொத்தாகிவிட்டது. காய்கறிக்காரர் நல்ல கத்தரிக்காயாகப் பொறுக்கித் தந்து, "கோபமெல்லாம் சௌக்கியமா, தங்கச்சி?" என்று விசாரிப்பார். மாமியார் வாராவாரம் கிப்பே என்ற இறைச்சி உருண்டை செய்து அனுப்புவாள்; கூடவே என் கைப்பக்குவத்தைப் பற்றி ஒரு குத்தல், என் கோபத்தின் சூடு ஆறிவிடக் கூடாதே என்று. நவ்ரஸின் கைபேசியிலிருந்து என் எண்ணைப் பயிற்சியாளரே அழித்துவிட்டாராம். நானோ தினமும் காலையில் எனக்குள் தேடிப் பார்ப்பேன். கோபம் என்று எதுவும் கைக்குச் சிக்காது. வெள்ளிக்கிழமை வானொலியில் அவன் பெயரைக் கத்தும்போது முதலில் சந்தோஷமாக இருக்கும். நான் இல்லாததால் அடிக்கிறான் என்பது பிறகுதான் உறைக்கும். ஒரு பெண்ணின் இன்மை இவ்வளவு பயனுள்ளதாக இருந்தால், அவள் எந்த முகத்தோடு திரும்பிப் போவது?

கடைசி ஆட்டத்துக்கு முந்தின மாலை. வென்றால் கோப்பை. நான் அடுக்களையில் சீமைச்சுரைக்காயைக் குடைந்துகொண்டிருந்தேன். பின்சந்து ஜன்னலில் ஒரு குரல்.

"ஹியாம்."

நவ்ரஸ். அவன் அப்பாவின் பழைய மேல்கோட்டு, கண்வரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. மாறுவேஷமாம். கோட்டுக்குக் கீழே பச்சைக் காலுறை தெரிந்தது.

"உள்ள வா."

"வேண்டாம். அபூ ஷுக்ரிக்குத் தெரிஞ்சா என்னைச் சிமெண்ட்ல போட்டுப் பூசிடுவார்."

நான் கையைத் துடைத்துக்கொண்டேன். 'வா' என்று ஒரு சொல் சொன்னால் போதும், இந்த ஈரக் கையோடு அப்படியே போய்விடுவேன் என்று நினைத்தேன். கோப்பையாவது, மண்ணாங்கட்டியாவது.

"ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும்."

"கேளு."

"கோபமாத்தானே இருக்கே?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"இல்ல, கிப்பே நல்லா இருந்ததுன்னு அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினியாமே. அவ பயந்து போய் என்கிட்ட சொன்னா. நானும் பயந்துட்டேன். நாளைக்கு எவ்வளவு பெரிய ஆட்டம்னு உனக்கே தெரியும்."

நான் குடைந்து வைத்த காய்களைப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லாமல் வரிசையாகக் கிடந்தன.

"கோபமாத்தான் இருக்கேன்."

"ரொம்பவா?"

"இப்ப, ரொம்ப."

"அல்லா உன்னைக் காப்பாத்தட்டும்!" என்றான். முகம் அப்படி மலர்ந்தது. எங்கள் நிச்சயதார்த்தத்தன்றுகூட அப்படி மலரவில்லை. சந்தில் அவன் துள்ளி ஓடும் சத்தம் கேட்டது. அத்தனை மாதத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அன்றுதான். வந்த பிறகு அது இறங்கவில்லை.

மறுநாள் அப்பா வானொலிக்குள் தலையை விடாத குறையாக உட்கார்ந்திருந்தார். யாரும் தொடாமலே விழுந்ததற்காக நவ்ரஸுக்கு மஞ்சள் அட்டை. பெனால்டிக்காக அப்படி விழுவது அவனுக்குக் கைவந்த கலை. அப்புறம் இடுப்பில் பட்டு ஒரு கோல். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது இன்னொன்று. "சட்டையைக் கழட்டிட்டான் கழுதை!" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். சந்தோஷத்தில் சட்டையைக் கழற்றிச் சுழற்றியதற்கு இரண்டாவது மஞ்சள், ஆகவே சிவப்பு, ஆகவே வெளியே. யார் கவலைப்பட்டார்கள்? கோப்பை வந்துவிட்டது. விடியும்வரை தெருவில் கார்கள் ஊளையிட்டன. நான் என் கோபத்தோடு படுத்திருந்தேன்.

சொன்னபடி கோடையில் அவர்கள் வந்தார்கள். அதுவும் ஒரு புதன்கிழமை. காப்பி மேசையில் இருந்தது.

"பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம், அபூ ராத்திப்."

"இந்தத் தடவை பொண்ணையே கேளுங்க," என்றார் அப்பா.

நான் வந்து நின்றேன். காப்பியின் ஆவி மெலிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

"அவன் தனியா வரணும்," என்றேன். "வெள்ளிக்கிழமை, மூணு மணிக்கு. ஆட்டம் தொடங்கற நேரத்துல. அப்ப வந்தா நான் வரேன்."

கூச்சல் எழும் என்று எதிர்பார்த்தேன். எழவில்லை. அபூ ஷுக்ரி ஜமீலைப் பார்த்தார். ஜமீல் சுவரைப் பார்த்தார்.

"எந்த வெள்ளிக்கிழமை, மகளே?"

"புதுப் பருவத்தோட முதல் ஆட்டம்." அவனுக்கு அதிகம் வலிக்கக்கூடியதாகப் பார்த்துத்தான் கேட்டேன்.

நான் வாயை மூடுமுன் அபூ ஷுக்ரி, "ஆச்சு!" என்றார். காப்பியை ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார். போகும்போது ஜமீல் என் அப்பாவின் கன்னத்தில் முத்தமிட்டார்.

அந்தக் கோடை முழுவதும் என் கோபத்துக்கு அடியில் இன்னொன்று வளர்ந்தது. ஒரு மனிதன் எனக்காக ஓர் ஆட்டத்தை விடப்போகிறான். அரங்கமே அவனைத் தேடும்போது அவன் எங்கள் வாசலில் நிற்பான். இந்த நினைப்பைத் தனியாக இருக்கும்போது மட்டும் எடுத்துப் பார்ப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை நான் உடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வீட்டிலேயே இருந்தார்.

"ஆட்டத்துக்குப் போகலையா, அப்பா?"

"நவ்ரஸ் இல்லாத ஆட்டத்துல என்ன இருக்கு?"

"எனக்காக விட்டுட்டான், இல்ல?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாக இருந்ததையே மறுபடி துடைத்தார்.

"ஹியாம்... போன பருவம் சட்டையைக் கழட்டினானே. சிவப்பு அட்டை வாங்கினா அடுத்த ஆட்டம் ஆட விடமாட்டாங்க. அந்த அடுத்த ஆட்டம் இன்னைக்குத்தான்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்மா. உனக்குத்தான் கால்பந்து பிடிக்காதே."

தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். உடுப்பில் கருகல் விழவில்லை. அவ்வளவு கவனம் அந்த நேரத்திலும் எனக்கு இருந்தது.

மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வெள்ளைச் சட்டை, ஜமீல் வாரிவிட்ட தலை, கையில் பாலாடைக்கட்டி இனிப்புப் பெட்டி. நவ்ரஸ் தொண்டையைச் செருமினான்.

"ஹியாம், உனக்காக நான் ஆட்டத்தையே விட்டுட்டு..."

"யாரும் உன்னைத் தொடலை, நவ்ரஸ். ஏன் விழறே?"

அவன் தரையைப் பார்த்தான்.

"அபூ ஷுக்ரிதான் இப்படிச் சொல்லச் சொன்னார்."

"தடை இல்லேன்னா வந்திருப்பியா?"

அவன் யோசித்தான். கல்யாணமான நாளிலிருந்து என் கேள்வி ஒன்றுக்கு அவன் யோசித்ததை அன்றுதான் பார்த்தேன். நெற்றி சுருங்கியது. ஆலிவ்களை நகர்த்தும்போது வரும் அதே சுருக்கம்.

"இடைவேளைல வந்திருப்பேன்," என்றான். பிறகு, நேர்மையாக இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும், "ரெண்டு கோல் முன்னால இருந்தா," என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. உள்ளே அப்பா வானொலியின் சத்தத்தைக் குறைத்தார், எங்கள் பேச்சைக் கேட்க.

"வீட்டுல ஆலிவே வாங்கறதில்ல," என்றான் அவன், என் சிரிப்பைப் பார்த்துத் தைரியம் வந்து.

"என்னை நினைச்சா?"

"இல்ல, எல்லா வாரமும் கோல் அடிச்சேனே, கணக்குப் பார்க்க என்ன இருக்கு?" இனிப்புப் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "ஆனா சாப்பிட உட்கார்ந்தா எதிர்ல உப்புக் குப்பி மட்டும்தான் இருக்கு. அதுகூட எவ்வளவு நேரம் பேசறது?"

இதை அபூ ஷுக்ரி சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. அவ்வளவு மட்டமான வசனம். அழகாக அடிக்கத் தெரியாதவன் அடித்தது, எங்கேயோ பட்டு எப்படியோ உள்ளே போய்விட்டது. நான் என் துணிப் பெட்டியை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தேன்.

ஊர் முழுக்க அரங்கத்தில் இருந்ததால் தெரு காலியாகக் கிடந்தது. அவன் இடக்கையில் என் பெட்டி, வலப்பக்கத்தில் நான். அடுத்த வாரம் அவன் அடிக்காவிட்டால் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். கேட்கவும் கேட்டேன்.

"அடுத்த வாரம் கோல் வரலேன்னா?"

"மைதானம் சரியில்லைன்னு சொல்லுவேன்."

"அதுக்கடுத்த வாரம்?"

அவன் பதில் சொல்லுமுன் அரங்கத்தின் பக்கமிருந்து பெரும் இரைச்சல் எழுந்தது. எங்கள் ஊர் இரைச்சல்தான். எதிரணி அடித்தால் இப்படிக் கேட்காது. அவன் நின்றுவிட்டான். அவனுக்குப் பதிலாக ஆடுபவன் புதிதாகச் சேர்ந்தவன். ஓடினால் குதிரை மாதிரி அழகாக ஓடுவான் என்று காய்கறிக்காரர் சொல்லியிருந்தார்.

"ஆஃப்சைடா இருக்கும்," என்றான் நவ்ரஸ்.

இரைச்சல் நிற்கவில்லை. அந்தப் பையனின் பெயரைச் சேர்ந்து கத்துவது தெளிவாகவே கேட்டது. நவ்ரஸ் என்னை முந்திக்கொண்டு நடந்தான். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியைக் கதவில் இடித்தான், சாவியை நழுவ விட்டான், செருப்பை மூலைக்கு உதைத்தான்.

நான் அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தேன். மனசு லேசாக இருந்தது. கோபித்துக்கொள்ள வீட்டில் இப்போது வேறு ஆள் இருந்தது. கோபம் வீட்டில் இருந்தால் கோல் வருமே, அடுத்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஊர் கவலைப்பட வேண்டியதில்லை.