இருபத்தெட்டாவது ஓட்டு

பெட்டியை இன்னும் கொஞ்சம் சாய்த்தால் உள்ளே போய்விடும் என்று பால்ராஜ் சொல்லிக்கொண்டே இருந்தார். நான்கு பேர் சேர்ந்து சாய்த்தார்கள். ஃப்ரீசர் பெட்டி வாசலைத் தாண்டி, நடையின் திருப்பத்தில் சுவரை முட்டி, ஒரு கை அகலத்துக்குச் சுண்ணாம்பைப் பெயர்த்துக்கொண்டு நின்றது. வெளியே எடுத்துத் தலைப்பக்கத்தை மாற்றி நுழைத்தார்கள். அதே இடத்தில் மறுபடியும் நின்றது.

அருளம்மாள் உள்ளே கட்டிலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வருஷம் கிராம சுகாதாரச் செவிலியாக வேலை பார்த்தவள். எந்த வீட்டு வாசலில் எது நுழையும், எது நுழையாது என்பது அவளுக்கு அத்துப்படி.

"விடுங்கண்ணே. போகாது," என்றாள்.

பால்ராஜ் பெட்டியின் மூலையைப் பிடித்தபடியே நின்றார். எழுபத்து மூன்று வயது. மழையா வேர்வையா என்று தெரியாமல் சட்டை நனைந்திருந்தது. நான்கு மாதமாக இந்த வீட்டுக்காரரோடு கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை போட்டவர். அதற்கு நடுவிலும் ஒரு நாள் விடாமல் சாயங்காலம் அவரோடு கேரம் ஆடியவர்.

ஆலங்குடி சாலையில் ஒரு தென்னந்தோப்பை அழித்துக் கட்டிய குடியிருப்பு அது. அந்திச்சோலை என்று பெயர். வயதானவர்களுக்கு மட்டும், நாற்பத்திரண்டு வீடு. கட்டி விற்ற கம்பெனிக்காரன் கைப்பிடி, அவசர மணி, வழுக்காத தரை என்று பார்த்துப் பார்த்துத்தான் செய்திருந்தான். இங்கே வருகிறவர்கள் எப்படி வெளியே போவார்கள் என்பதை மட்டும் அவன் யோசிக்கவில்லை.

கட்டிலில் கிடந்த அடைக்கலராஜ் காலை ஐந்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்தரைக்கு இல்லை. மகன் அமல்ராஜ் குவைத்திலிருந்து கிளம்பி நாளை மதியம் திருச்சியில் இறங்குகிறான். ஆவூர் கல்லறையில் நாளை நாலு மணிக்கு அடக்கம் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். அதுவரை அவரைக் குளிரில் வைக்க வேண்டும். வீட்டுக்குள் பெட்டி நுழையவில்லை. தெருவில் பந்தல் போடலாமென்றால் ஐப்பசி மழையில் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் கரண்ட் வயரை இழுக்க மாட்டேன் என்று பெட்டிக்காரன் கையை விரித்துவிட்டான்.

மீதி இருந்தது ஒரே இடம். நூறடி தூரத்தில், குடியிருப்பின் மகிழ்வகம். கேரம் போர்டு, டிவி, செய்தித்தாள் எல்லாம் இருக்கிற பொது ஹால். பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் நாலு பேரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். பிறகு பார்க்காதது போல் இருந்தார்கள். மகிழ்வகத்துக்குள் எந்தக் காரணம் கொண்டும் சடலம் வைக்கக் கூடாது என்று போன வருஷம் தீர்மானம் போட்டிருந்தது. போட்டவர் கட்டிலில் கிடந்தார்.

கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். ஒரு வார்த்தை எழுதினால் அதில் ஓட்டை இருக்காது. "ஒருத்தரைக் கொண்டாந்து வச்சா ஒரு மாசத்துக்கு எவனும் கேரம் ஆட வரமாட்டான். உயிரோட இருக்கவனுக்குத்தான் ஹாலு," என்று சொல்லி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். அடுத்த வாரமே மூன்றாவது வரிசையில் மதுரைவீரன் செத்துப்போனார். அவர் மனைவி செவந்தி இதே வாசலுக்கு வந்து நின்றாள். மகன் சிங்கப்பூரிலிருந்து வரும்வரை ஓர் இரவு மட்டும் ஹாலில் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டாள். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா என்றார் அடைக்கலராஜ். அருளம்மாள் அப்போது சமையலறையில் இருந்தாள். அரைத்து முடித்த சட்னியை மறுபடியும் மிக்சியில் போட்டு ஓடவிட்டாள். செவந்தி படியிறங்கிப் போகும்வரை நிறுத்தவில்லை. அந்த ராத்திரி மதுரைவீரன் டவுன் ஆஸ்பத்திரி மார்ச்சுவரியில் கிடந்தார்.

அதன் பிறகுதான் மகிழ்வகச் சீரமைப்பு பற்றிய சண்டையே ஆரம்பித்தது. கூரை ஒழுகுகிறது, தரையில் டைல்ஸ் எழும்பிவிட்டது, கழிப்பறைக்கு மூன்று படி இறங்க வேண்டும். இதில் யாருக்கும் தகராறு இல்லை. சங்கத் தலைவரான பால்ராஜ் அதோடு ஒரு பக்க அறையும் சேர்த்தார். தனி வாசல், சாய்தளம், பெட்டிக்கு மின்சாரம். மொத்தம் முப்பத்தேழு லட்சத்து எண்பதாயிரம், வீட்டுக்குத் தொண்ணூறாயிரம். பிண ரூமுக்கு எதுக்குய்யா எட்டு லட்சம் என்று அடைக்கலராஜ் எஸ்டிமேட்டை வரிவரியாகக் கிழித்தார். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது இருபத்தெட்டு வீடு சம்மதிக்க வேண்டும். இரண்டு கூட்டத்திலும் பால்ராஜுக்கு இருபத்தேழுதான் விழுந்தது. மூன்றாவது கூட்டம் இன்றைக்குத்தான், பத்தரை மணிக்கு.

"மார்ச்சுவரிக்கே கொண்டு போயிருவோம்மா," என்றாள் மகள் நான்சி. திருச்சியிலிருந்து எட்டு மணிக்கே வந்துவிட்டாள். "அப்பாவை எதுத்துப் பேசுனவங்கிட்டப் போயி நாம நிக்கணுமா."

"ராத்திரி பூரா அவரு அங்க தனியா கெடக்கணுமா?"

"டவுன்லதானம்மா."

"எங்க இருந்தா என்ன. உள்ள விடமாட்டாங்க."

பங்கின் செபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் நாலைந்து பேர் செபமாலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அருளம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு குடையை எடுத்தாள். அவரில்லாமல் அவள் ஒரு நாளும் அந்தக் கூட்டத்துக்குப் போனதில்லை. அவரோடு போனபோதும் வாயைத் திறந்ததில்லை. பெட்டியைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு பால்ராஜும் பின்னால் வந்தார்.

மகிழ்வகத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி முடிந்திருந்தது. அஞ்சலி முடிந்ததும் கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கலைவதாகத்தான் பேச்சு. ஆனால் காண்டிராக்டர் புதுக்கோட்டையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். மாசக் கடைசிக்கு மேல் இந்த விலைக்கு முடியாது என்றார். அவ்வளவுதான், துக்கம் எல்லாம் பின்னால் போய்விட்டது. ஏ.சி. வேண்டுமா, ஃபேன் போதுமா என்று ஒரு பக்கம், பழைய டைல்சைப் பெயர்க்கக் கூலி ஏன் இவ்வளவு என்று இன்னொரு பக்கம் சத்தம். ஒழுகுகிற இடத்தில் வைத்திருந்த வாளியைச் சுற்றி நாற்காலி போட்டுக்கொண்டு ஒழுகலைப் பற்றி வாதாடினார்கள்.

அருளம்மாளைப் பார்த்ததும் சத்தம் நின்றது. செவந்தி கடைசி வரிசையில், மடியில் குடையோடு இருந்தாள். அவள் தலை நிமிரவில்லை.

"நர்சம்மாவுக்கு ஒரு சேர் போடுங்க," என்றார் பால்ராஜ்.

அவள் உட்காரவில்லை. "பெட்டி வீட்டுக்குள்ள போகலை. மகன் நாளைக்குத்தான் வாரான். இன்னைக்கு ஒரு ராத்திரி அவரை இங்க வச்சுக்கறேன். அனுமதி குடுங்க," என்றாள்.

வாளியில் சொட்டு விழுந்தது.

"எனக்கு ஆட்சேபணையே இல்லை," என்றார் பால்ராஜ். "ஆனா தீர்மானம் இருக்கு. நான் ஒருத்தன் மீற முடியாது."

முன்வரிசையிலிருந்த தங்கமுத்து எழுந்தார். முந்திரி வியாபாரம் பண்ணி ஓய்ந்தவர். எதிலும் ஒரு வழி கண்டுபிடிக்கிற ஆள். "ஏன் முடியாது? அந்த ரூமோட சேத்து எஸ்டிமேட்டு பாஸாச்சுன்னா பழைய தீர்மானம் தன்னால ரத்து. இருபத்தேழு நம்ம கையில இருக்கு. நர்சம்மா அவுக வீட்டு ஓட்டைப் போட்டா இருபத்தெட்டு. இப்பவே பெட்டியைத் தூக்கியாந்து இந்தா இங்கன வச்சிரலாம். எல்லாருக்கும் நல்லது."

"இது பேரம்," என்று வாசலிலிருந்து நான்சி சொன்னாள். "அப்பா உடம்பை வச்சு ஓட்டு வாங்குறீங்க."

"பாப்பா, நான் தப்பாச் சொல்லலை. வழி சொன்னேன்."

பால்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது தெரிந்தது. வேண்டாமென்றும் அவர் சொல்லவில்லை.

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "இன்னைக்கு இவுகளுக்கு வச்சா, அன்னைக்கு மதுரைவீரன் என்ன பாவம் பண்ணுனாரு?"

எல்லாத் தலையும் கடைசி வரிசைக்குத் திரும்பியது. தங்கமுத்து விடவில்லை. "சரி, செவந்தியம்மாவே சொல்லட்டும். அவுக சரின்னா யாருக்கும் பேச்சில்லை."

பாரத்தைத் தூக்கி அவள் மடியில் போட்டுவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். செவந்தி குடையின் கம்பியை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"நான் என்ன சொல்றது," என்றாள் கடைசியில். "அன்னைக்கு சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு சொன்னாங்க. சரின்னு போயிட்டேன். இன்னைக்கும் நீங்க எது சொன்னாலும் சரிதான்."

அருளம்மாளுக்கு அவள்மேல் சுர்ரென்று கோபம் வந்தது. வைக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? செத்தவர் மேல் என்ன வஞ்சம்? கேட்டுவிடலாம் என்றுதான் வாயெடுத்தாள். செவந்தி அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். வஞ்சம் ஒன்றும் இல்லை அந்தக் கண்ணில். கேட்டுவிட்டு வாசலில் நிற்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தவளின் பார்வை. அருளம்மாளுக்கு மிக்சியின் இரைச்சல் காதுக்குள் கேட்டது. கோபம் மெல்லத் திரும்பி, வீட்டில் கட்டிலில் வாய் கட்டிக் கிடக்கிற மனிதர்மேல் போய், அங்கேயும் நிற்காமல் தன்மேலேயே வந்து நின்றது. அவராவது நேருக்கு நேர் நின்று இல்லையென்று சொன்னார்.

"அண்ணே, ஓட்டை எழுதிக்கங்க," என்றாள். "பதினாறாம் நம்பர் வீடு. அந்த ரூமோட சேத்து சம்மதம்."

"அம்மா," என்றாள் நான்சி. "அப்பா வேண்டாம்னு அவ்வளவு சொன்னாரு. அவரு இன்னும் வீட்டைவிட்டுக்கூட எறங்கலை."

"தெரியும்."

பால்ராஜ் நோட்டை நீட்டினார். அடைக்கலராஜின் கையெழுத்துக்கு என்று கட்டம் போட்ட இடத்தில் அருளம்மாள் தன் பெயரை எழுதினாள். தங்கமுத்து அதற்குள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, கேரம் போர்டை ஓரமாகச் சாத்தச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அது இருக்கட்டும்ணே. நகட்டாதீங்க."

"ஏம்மா, பாஸாயிருச்சே. இப்பத் தூக்கியாந்திரலாம்."

"ரூமைக் கட்டி முடிங்க. அப்பறம் வாரவங்க வரட்டும். நான் அவரை டவுனுக்குக் கொண்டு போறேன்."

யாரோ ஏதோ சமாதானம் சொன்னார்கள். அவள் குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். வீட்டு வாசல் வந்ததும் நான்சி, "ஓட்டையும் குடுத்து, அவரையும் வெளிய அனுப்புற. எதுக்கும்மா?" என்று கேட்டாள். அருளம்மாள் உள்ளே போய் அவருக்கு வெள்ளை வேட்டியை மாற்றிக் கட்டினாள். நெற்றியில் கைவைத்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து, காலையிலிருந்து அழாத அழுகையை வாய்விட்டு அழுதாள்.

இரண்டு மணிக்கு வேன் வந்தது. பால்ராஜும் பெட்டிக்காரர்களும் அவரைத் துணியோடு தூக்கி வந்து ஏற்றினார்கள். நடையின் திருப்பத்தில் அவர் கால் சுவரில் இடித்துவிடாமல் பால்ராஜ் தன் கையை இடையில் வைத்துக்கொண்டார். நான்சி முன்னால் ஏறினாள். அருளம்மாள் பின்னால் ஏறி உட்கார்ந்தபோது, மூன்றாவது வரிசையிலிருந்து செவந்தி ஒரு துணிப்பையோடு தண்ணீரில் நடந்து வந்தாள். யாரையும் கேட்காமல் ஏறினாள்.

நான்சி திரும்பிப் பார்த்தாள். "நீங்க எதுக்கு?" கொஞ்சம் கடுமையாகவே கேட்டாள்.

"அம்மாவுக்கு எடம் தெரியாது," என்றாள் செவந்தி.

டவுன் முகப்பில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வேன் போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் நீலக் கதவு போட்ட அறை. ஊழியர் பெயரையும் வயதையும் கேட்டு எழுதிக்கொண்டு, ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார். அருளம்மாள் கதவு வரை கூடப் போனாள். நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு மேல வாங்கம்மா என்று சொல்லி அவர் கதவைச் சாத்தினார். நான்சி பணம் கட்ட முன்கட்டுக்குப் போனாள்.

கதவுக்கு எதிரே வராந்தாவில் வரிசையாக இரும்பு நாற்காலிகள் இருந்தன. அருளம்மாள் அதில் ஒன்றில் உட்காரப் போனாள்.

"அங்க வேணாங்க்கா," என்றாள் செவந்தி. அவள் கையைப் பிடித்துக் கட்டடத்தைச் சுற்றி அழைத்துப் போனாள். பக்கவாட்டில், சன்ஷேடுக்குக் கீழே, சுவரை ஒட்டி ஒரு சிமெண்ட் திண்டு இருந்தது. இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். செவந்தி பையிலிருந்து துண்டை எடுத்து ஈரத்தைத் துடைத்தாள்.

"இங்கிட்டு ஒக்காருங்க," என்றாள். "இந்தச் செவுத்துக்கு அங்கிட்டுத்தான் வைப்பாங்க."