ஆறாவது வாக்கியம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, நிர்வாக அதிகாரியின் மேஜைமேல் நெட்டையக்காவின் நாற்பது பக்க நோட்டு விரிந்து கிடந்தது. அதில் ஆறாவது வரியின்மேல் ஒரு விரல் அழுந்தியிருந்தது. விரல் மேற்பார்வையாளருடையது. ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, நீராவியில் சுத்தம் செய்து, தட்டுத் தட்டாக அடுக்கி அனுப்பும் பகுதிக்கு அவர்தான் தலை. ஒவ்வொரு கருவியையும் லென்ஸ் வைத்துப் பார்ப்பவர் என்பதால் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே சார்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“என் கையெழுத்துதான் சார்.”

“அப்ப ஒத்துக்கிறீங்க.”

“எதை?”

பூதக்கண்ணாடி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். “ஐ சீக்ரெட்லி டுக் த ஸ்மால் சிசர்ஸ் ஹோம்.” அறையில் யாருக்காவது புரியாமல் போய்விடக் கூடாதே என்று தமிழிலும் சொன்னார். “சின்னக் கத்தரியை யாருக்கும் தெரியாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்.”

நெட்டையக்காவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. பத்தொன்பது வருஷமாக அந்தப் பகுதியில் நிற்கிறாள். மேல் அடுக்குத் தட்டை ஸ்டூல் போடாமல் எடுக்கிற உயரம், அதனால் அந்தப் பெயர். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவள் கட்டி அனுப்பிய தட்டில் ஓர் ஊசி குறைந்தது என்று யாரும் வாயைத் திறந்ததில்லை.

வெள்ளிக்கிழமை கண் அறுவைத் தட்டிலிருந்து ஒரு சின்னக் கத்தரி காணாமல் போயிருந்தது உண்மை. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், சலவைக்குப் போன துணியை உதறிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. திங்கட்கிழமை அவள் விடுப்பு. அன்று பூதக்கண்ணாடி அவளுடைய லாக்கரைத் திறந்திருக்கிறார். சாவி அவளிடம் இருந்தது. திறந்தது ஸ்க்ரூ டிரைவர்.

கத்தரி அகப்படவில்லை, நோட்டு அகப்பட்டது.

நோட்டு இங்கிலீஷ் வகுப்பு நோட்டு. ஷிப்ட் பொறுப்பாளர் இடம் ஒன்று காலியாகியிருந்தது. பொறுப்பாளர் தினப்பதிவை இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். அதற்காகவே நாற்பத்து மூன்று வயதில், தட்டச்சு நிலையத்து மாடியில், தன் பிள்ளை வயதுக்காரர்களோடு பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து படித்துவந்தாள். நேர்காணலுக்குக் கூப்பிடுகிறவர்களின் பட்டியல் வியாழக்கிழமை ஒட்டப்படும். திருட்டுப் புகார் ஒன்று மேலே விழுந்தால் பட்டியலும் போச்சு, பத்தொன்பது வருஷமும் போச்சு.

போன வாரம் டீச்சர் நடத்திய பாடம், வினையும் அதோடு ஒட்டி வரும் சொல்லும்.

“வினை தனியா வந்தா, நடந்தது தெரியும், எப்படி நடந்ததுன்னு தெரியாது,” என்றாள் டீச்சர். “தமிழ்ல பல்லை நறநறன்னு கடிப்போம். தண்ணியை நறநறன்னு குடிப்போமா?”

“மடமடன்னு குடிப்போம்,” என்றது வகுப்பு.

“முழிக்கிறது?”

“திருதிருன்னு!”

“அதேதான். எது எதோட சேரும்னு காதுக்குத் தெரியும். இங்கிலீஷ்லயும் அப்படித்தான். மழை ஹெவிலி பெய்யும், டீப்லி பெய்யாது. நேசிக்கிறதுன்னா டீப்லி. மறக்கிறதுன்னா கம்ப்ளீட்லி.” பலகையில் பத்துச் சொல் எழுதிப் போட்டாள். “ஒவ்வொண்ணையும் ஒரு வினையோட சேர்த்து வாக்கியம் எழுதிட்டு வாங்க. உங்க வேலையில தினமும் பாக்கிற பொருளும் மனுஷங்களும் வரணும். எல்லாம் ‘ஐ’ல ஆரம்பிக்கணும். பொய்யா இருந்தாலும் பரவாயில்லை, சேர்க்கை சரியா இருந்தாப் போதும்.”

நெட்டையக்கா எழுதினாள். ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்டு, வரிக்கு வரி இடம் விட்டு எழுதினாள். ஆறாவது சொல் ‘சீக்ரெட்லி’யாக வந்து வாய்த்தது.

“மேடம், இது வீட்டுப்பாடம்,” என்றாள் அதிகாரியிடம்.

“திருடினேன்னு எழுதச் சொல்ற பள்ளிக்கூடம் எந்த ஊர்ல இருக்கு?” என்றார் பூதக்கண்ணாடி.

“சார் ஆறாவதை மட்டும் படிச்சா எப்படி? மேலயும் கீழயும் படிக்கச் சொல்லுங்க மேடம்.”

அதிகாரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஒன்றாவதில் நெட்டையக்கா கத்தரியைக் கவனமாகக் கழுவியிருந்தாள். நான்காவதில் தன் பெயரையே அடியோடு மறந்திருந்தாள். ஏழாவதில் ஸ்டீல் மேஜையை மெதுவாகத் தின்றிருந்தாள். ஒன்பதாவதுக்கு வந்ததும் அதிகாரியின் குரல் கொஞ்சம் நின்று, பிறகு ஒவ்வொரு சொல்லாக இறங்கியது.

“ஐ... டீப்லி... லவ்... மை சூப்பர்வைசர்.”

கதவுக்கு வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பஞ்சு உருட்டும் பிரிவுக்காரி பஞ்சுதான், காது கொடுத்துக்கொண்டு நின்றாள். பூதக்கண்ணாடியின் முகம் செம்பருத்தியானது.

“அது... அது பொய்!” என்றார்.

“பொய்தான் சார். சத்தியமா பொய்,” என்றாள் நெட்டையக்கா. “ஒன்பதாவது பொய்னு உங்களுக்கே தெரியுது. ஏழாவதும் பொய், மேஜை வெளிய நிக்குது. நடுவுல ஆறாவது மட்டும் எப்படி சார் நெசமாச்சு?”

அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். நோட்டை மூடி ஓரமாக வைத்தாள். “சரி விடுங்க. கத்தரிதான் கிடைச்சிருச்சே.”

நெட்டையக்கா சட்டென்று அதிகாரி பக்கம் திரும்பினாள்.

“என்னது?”

“நேத்து சாயங்காலம் சாணை பிடிக்கிற கடையிலேர்ந்து போன் வந்துச்சு. அனுப்பின பொட்டலத்துல ஒண்ணு கூடுதலா இருக்குன்னு. பொட்டலம் கட்டினது சார்தான்.”

நெட்டையக்கா பூதக்கண்ணாடியைப் பார்த்தாள். “இது தெரிஞ்சுமா என்னை நிக்க வெச்சுக் கேள்வி கேட்டீங்க?”

“கத்தரி கிடைச்சது வேற விஷயம்,” என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. “எழுதியிருக்கீங்கல்ல. அப்ப எண்ணம் இருந்திருக்கு.”

“எண்ணமா? கட்டையில போற வரைக்கும் இந்தப் பேச்சை மறக்க மாட்டேன்! நாளைக்கு வகுப்புல ‘கொன்னேன்’னு எழுதச் சொன்னா, போலீஸைக் கூட்டிட்டு வந்து ஆஸ்பத்திரி முழுக்கப் பொணம் தேடுவீங்களா?”

“சத்தம் வேண்டாம்மா,” என்றாள் அதிகாரி. “விசாரணைன்னு ஃபைல் தொறந்தாச்சு. தொறந்ததை மூடணும். இதுல ஒரு கையெழுத்து போட்டா இன்னிக்கே மூடிடலாம். வெறும் சம்பிரதாயம்.” தட்டச்சடித்த ஒரு தாளை நீட்டினாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் என்றால் நெட்டையக்கா வாங்கி, புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பாள். இன்று உட்கார்ந்து வாசித்தாள். அவள் சின்சியர்லி மன்னிப்புக் கேட்டிருந்தாள். டீப்லி வருந்தியிருந்தாள். இனி இப்படி நேராது என்று ஃபெய்த்ஃபுல்லி உறுதி கூறியிருந்தாள். ஒட்டுச்சொல்லெல்லாம் அதனதன் வினையோடு கச்சிதமாகச் சேர்ந்திருந்தது. செய்யாத காரியத்துக்கு எவ்வளவு அலங்காரம்!

“மன்னிப்புக் கேக்க வேண்டியது நானா மேடம்? பொட்டலம் கட்டினவரு அவரு. பூட்டை நெம்பினவரு அவரு.”

“கையெழுத்து போடலைன்னா ஃபைல் தொறந்தே கிடக்கும். ஃபைல் தொறந்திருக்கிறவங்க பேரை வியாழக்கிழமைப் பட்டியல்ல எப்படிப் போடறது, சொல்லுங்க.”

நெட்டையக்கா அந்தத் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெற்றாக இருந்தது. மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து, மேலே தேதி போட்டு, எண் போட்டு, இங்கிலீஷில் எழுதினாள். ஒன்று, நான் கத்தரியை எடுக்கவில்லை. இரண்டு, மேற்பார்வையாளர் கத்தரியைச் சாணைக்கு அனுப்பினார். மூன்று, அவர் என் லாக்கரைத் திறந்தார். ஒரு வினைக்குப் பக்கத்திலும் எந்த ஒட்டுச்சொல்லையும் அவள் உட்கார விடவில்லை.

“இதை வாங்கிட்டு முத்திரை போட்டுக் குடுங்க மேடம். நகல் எனக்கு வேணும்.”

அதிகாரி வாசித்தாள். இரண்டாம் முறை வாசித்தாள். பேனாவின் மூடியால் நெற்றியைச் சொறிந்துகொண்டாள்.

“மூணாவதுல ஒரே ஒரு சொல் சேர்த்துக்கலாமே. ‘ஆக்சிடென்டலி’ திறந்தார்னு. தவறுதலா. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாம போயிடும்.”

“ஆமாமா, அதைச் சேர்த்துக்குங்க,” என்றார் பூதக்கண்ணாடி அவசரமாக.

நெட்டையக்கா எழுந்து நின்றாள். கூரை கொஞ்சம் தாழ்ந்தது போலிருந்தது.

“ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கொக்கியில சொருகி, காலை ஊணி நெம்புறது தவறுதலா நடக்கிற காரியமா சார்? எனக்குன்னா ‘யாருக்கும் தெரியாம’, உங்களுக்குன்னா ‘தவறுதலா’. சொல்லைப் பங்கு போடற அழகைப் பாரு!”

வெளியே பஞ்சு, “அப்படிப் போடுக்கா!” என்றாள், காற்றிடம் சொல்வதுபோல.

அதிகாரி கதவைப் பார்த்தாள், பூதக்கண்ணாடியைப் பார்த்தாள். பத்து நிமிஷத்தில் இது சமையல்கூடம் வரை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். முத்திரையை எடுத்துத் தாளில் அழுத்தினாள். நகல் எடுத்து நீட்டினாள். நெட்டையக்கா அதை நான்காக மடித்துக்கொண்டாள்.

“பட்டியல்ல என் பேரு இல்லைன்னா, அதுக்கும் எழுதத் தெரியும் மேடம்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வியாழக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். தட்டச்சடித்த மூன்று பெயருக்குக் கீழே, பேனாவால் எழுதிய நான்காவது பெயர் அவளுடையது. எழுத்து அதிகாரியுடையது. பஞ்சு கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

“சிரியேன்க்கா. பேரு வந்திருச்சுல்ல.”

“வந்துச்சுடி,” என்றாள் நெட்டையக்கா. செவ்வாய்க்கிழமையிலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். “எனக்குத் தாடை வலிக்குது. கழுவ வேண்டிய தட்டு எத்தனை கிடக்கு, வா.”