பித்தளை வாய்

ரப்பர் விலை ஏறிய வருஷம், லாரிக்காரன் வீரபத்திரன் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் பந்தயக் காரை வாங்கினான். அன்றிலிருந்து பட்டறைக்கார மருதமுத்துவின் உயிரையும் வாங்கினான். தங்கை புருஷனாகிவிட்டான், பக்கத்து ஊர் சிம்பாங் அம்பாட்டில் வேறு பட்டறையைப் பார் என்று சொல்லவும் முடியவில்லை.

“எஞ்சினுக்குக் காத்து பத்தல லா, மச்சான்! இன்னும் காத்து போனா காரு பறக்கும்!”

காற்று போகும் துவாரத்தை மருதமுத்து அகலப்படுத்தினான். போதாதாம். பித்தளையில் புனல் மாதிரி ஒரு வாய் செய்து, பானெட்டுக்கு வெளியே நீட்டி வைத்து, கம்பிவலையும் கட்டினான். வலை காற்றைத் தடுக்கிறதென்று வீரபத்திரன் அதைப் பிடுங்கி எறிந்தான்.

“கண்டதெல்லாம் உள்ள போயிரும், மாப்பிள்ள!” என்று மருதமுத்து தொண்டை கிழியக் கத்தினான். யார் கேட்டார்கள்?

வெள்ளிக்கிழமை முனியாண்டி கோயில் வாசலில் காருக்குப் பூசை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வீரபத்திரன் பித்தளை வாய்க்குச் சந்தனம் பூசிக் குங்குமம் இட்டு, அதன் கழுத்திலேயே செவ்வந்தி மாலையையும் போட்டான். “ஐயோ, அங்க வேணாம்!” என்று மருதமுத்து பாய்வதற்குள் கார் சீறிக் கிளம்பிவிட்டது. முதல் வளைவு தாண்டவில்லை. இருமி இருமி நின்றது.

மருதமுத்து ஓடிப்போய்ப் புனலுக்குள் விரலை விட்டான். பூவும் நாருமாகக் கொத்தாய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை மாப்பிள்ளையின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

வீரபத்திரன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“எவன் கண்ணோ பட்டிருச்சு, மச்சான். மால சின்னதுன்னு நான் அப்பவே நெனச்சேன்.”