ஆர்கட் பஞ்சாங்கத்தோட கடைசித் தாள்

ஜேபஸ் ஆர்கட் 1815ல செத்தாரு. செத்த நாள்லேர்ந்து நூத்தி எழுபத்தோரு வருஷம், ஹஸ்கல் ஃபெரி ஊர்ல தன்னோட வீட்டுக் கதவுக்கு வெளியிலயே நின்னுக்கிட்டிருந்தாரு. வீடு 1868லயே எரிஞ்சு சாம்பலாப் போச்சு, கதவு மட்டும் எரியல. அப்புறம் அந்த எடத்துல பேங்கு வந்துச்சு, பேங்குக்குப் பின்னாடி கார் நிறுத்த எடம் போட்டாங்க, கதவு நடுவுல நின்னுச்சு, கதவுக்கு முன்னாடி ஆர்கட் நின்னாரு. ரெண்டுக்கும் சேத்து ரெண்டு கார் அளவு எடத்த விட்டுட்டு கோடு போட்டாங்க. குளிர்காலத்துல பனி வாருற வண்டிக்காரன் அவர இடிக்காம வளைஞ்சு போவான். நாலு வருஷத்துக்கு ஒரு தடவ நகராட்சி கதவுக்குப் பச்சப் பெயிண்ட் அடிக்கும். அவருக்கு அடிக்கல, அவ்ளோதான் வித்தியாசம்.

உள்ள இருந்தது அவரு சம்சாரம் மெஹிட்டபெல். அவருக்கு மூணு வருஷம் முன்னாடியே செத்துப் போயி, வீட்டுக்குத் திரும்பி வந்து, உள்பக்கமாத் தாழ்ப்பாள் போட்டுட்டா. காரணம் 1795ல நடந்தது. ஆர்கட் அந்த ஊர்ல அச்சகம் வச்சிருந்தாரு, வருஷா வருஷம் பஞ்சாங்கம் போடுவாரு. எழுத்து கோக்குறது பூரா மெஹிட்டபெல். பேரு பூரா ஜேபஸ். 1796 பஞ்சாங்கத்துல கடைசித் தாள் மட்டும் கோக்க மிச்சம் இருக்கும்போது, முதப் பக்கத்துல எம்பேரையும் போடுய்யான்னு கேட்டா. பொம்பள சொன்ன மழையை எவன் வாங்குவான்னு இவரு சிரிச்சாரு. மறுநா அவ அம்மா வீட்டுலேர்ந்து கொண்டாந்த ஒட்டுத்துணிப் போர்வைய மடிச்சு எடுத்துக்கிட்டு, பிராட்டில்பரோல இருந்த தம்பி வீட்டுக்கு நடந்தே போயிட்டா. அந்தக் காலத்துல பொண்டாட்டி போயிட்டா புருஷங்க பேப்பர்ல நோட்டீஸ் குடுப்பானுங்க, இவ என் பொண்டாட்டி இல்ல, இவள நம்பி யாரும் எதுவும் குடுக்காதீங்கன்னு. ஆர்கட் கிட்டத்தான் அச்சகமே இருந்துச்சே. பஞ்சாங்கத்தோட கடைசித் தாள்ல நோட்டீஸ் போட்டாரு: மெஹிட்டபெல் போர்வையத் திருடிக்கிட்டு ஓடிட்டா, ஜாக்கிரதை. அறுநூறு பிரதி வித்துப் போச்சு. அப்புறம் மச்சான் குதிரச் சவுக்கோட வந்து நின்னான். கடையில மிச்சம் இருந்த பிரதியில எல்லாம் இவரு அந்தத் தாள வெட்டி எடுத்துட்டாரு. அவளும் திரும்பி வந்தா. பதினாறு வருஷம் கூட வாழ்ந்தா, சமைச்சா, கோத்தா, அதப் பத்தி ஒரு வார்த்த பேசல. பேசாததப் பாத்து இவரு மறந்துட்டான்னு நெனச்சாரு. அவ்ளோ அறிவு.

1815ல காலையில பொதைச்சாங்க, மத்தியானம் எந்திரிச்சு வீட்டுக்கு வந்து தட்டுனாரு. கதவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து அவ சொன்னது இதுதான்: "வெளியில இன்னும் ஐநூத்தி நாப்பது தாள் இருக்கு. எல்லாம் போனப்பறம் உள்ள வா."

அவரு காத்திருந்தாரு. அவசரம் இல்ல, செத்தாச்சு. பஞ்சாங்கத்துக்கெல்லாம் எவ்ளோ ஆயுசு? அதோட மூலையில ஒரு ஓட்ட போட்டு கக்கூஸ்ல ஆணியில தொங்க விடுவாங்க, தொடைக்கிறதுக்குக் கிழிச்சுக் கிழிச்சுப் பஞ்சாங்கம் முடிஞ்சிரும். மிச்சத்த அடுப்பு பாத்துக்கும், எலி பாத்துக்கும். தெனமும் காலையில மெஹிட்டபெல் உள்ளேருந்து கணக்குச் சொல்லுவா. ஐநூறு. முன்னூத்திப் பத்து. 1865ல உள்நாட்டுச் சண்ட முடிஞ்சப்போ எம்பத்தி நாலு. 1920ல ஏழு. மறுநாளும் ஏழு. அடுத்த வருஷம் ஏழு. அறுபத்தாறு வருஷம் தெனமும் காலையில ஏழு, ஏழு, ஏழு. எலியெல்லாம் செத்துப் போச்சா, யாரும் அடுப்பே எரிக்கிறதில்லையான்னு ஆர்கட்டுக்குப் புரியல. 1986 ஏப்ரல்ல, பனி உருகி ஊரே சேறா இருந்த ஒரு சனிக்கிழம, என்னதான் நடக்குதுன்னு பாக்குறதுக்கு மொத தடவையா கதவ விட்டு நகந்தாரு. அவரு நின்ன எடத்துல பத்து நிமிஷத்துல ஒரு வேன் வந்து நின்னுருச்சு.

நடந்தது என்னன்னா, ஆர்கட் வட்டம்னு ஒரு சங்கம், 1920லேர்ந்து அவரு பஞ்சாங்கத்தச் சேத்து வைக்கிறவனுங்க. ஏழு பேரு. ஆளுக்கு ஒரு பிரதி. எலியும் அடுப்பும் நூறு வருஷமா ஒழுங்கா செஞ்சுக்கிட்டிருந்த வேலைய இந்த ஏழு பேரும் இவனுங்களுக்கு முன்னாடி வட்டத்துல இருந்தவனுங்களும் பொட்டி செஞ்சு, பொட்டிக்குள்ள பட்டுத் துணி வச்சு, நிறுத்திட்டானுங்க. இவனுங்கள்ல ஒருத்தன் கூட அந்தப் பஞ்சாங்கத்தப் படிச்சதில்ல. மூலையில ஆணி ஓட்ட இல்லாத பிரதின்னா ஒசத்தியாம், அதாவது ஒருத்தனுக்கும் ஒரு நாளும் ஒதவாம இருந்துச்சுன்னா மதிப்பு. அதுலயும் கடைசித் தாள் இருந்தா மொதப் பதிப்பு, இல்லாட்டி ரெண்டாம் பதிப்பு. செத்துப் போன ஒரு புரொபசர் அப்படிப் புஸ்தகம் எழுதி வச்சிருந்தாரு, அதுதான் இவனுங்களுக்கு வேதம். ஒரு பொம்பளையத் திருடின்னு சொன்ன தாளு, அதுக்குத்தான் இவ்ளோ மரியாத. தலைவரு தர்லோ வெதர்பி, ரிடையர்டு பல் டாக்டர். காகிதத்த வெளிச்சத்துல தூக்கிப் பாக்குறப்போ வாயப் பொளக்கச் சொல்லுவாரோன்னு தோணும், அப்படி ஒரு பார்வ.

சனிக்கிழம காலையில ஆத்தோர ஹோட்டல்ல பேன்கேக்கும் பீன்ஸும் தின்னுக்கிட்டே கூடுவானுங்க. ஆர்கட் உள்ள போயி, நாந்தான் இதப் போட்டவன், அந்தக் கடைசித் தாள மட்டும் கிழிச்சுக் குடுங்கன்னு கேட்டாரு. ஏழு பேரும் மெல்லுறத நிறுத்தல. மொதப் பக்கத்துல சூரியன் மூஞ்சி மரக்கட்ட அச்சுல இருக்கும், அதுல ஒரு விரிசல். விரிசல் நீளத்த அளந்து எது முந்தி எது பிந்தின்னு அந்த புரொபசர் மூணு வகை பிரிச்சிருந்தாரு. வெதர்பி அத வச்சு ஒரு பரீட்ச வச்சாரு.

"பெரியவரே, விரிசல் எப்ப விழுந்துச்சு?"

"மொத நாளே. கட்டைய நாந்தான் கீழ போட்டேன். மழ பேஞ்சா கட்ட ஊறி விரிசல் மூடிக்கும், வெயில் அடிச்சா வாயப் பொளக்கும். இதுல வகையாவது, தொகையாவது."

வெதர்பி மத்தவங்களப் பாத்துச் சிரிச்சாரு. "பாவம், புரொபசரப் படிக்கல."

அப்புறம் ஆர்கட்டோட கையப் புடிச்சு ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. கை வழியா வெளிய ஓடுற ஆறு தெரிஞ்சுச்சு, அதப் பத்தி ஒண்ணும் சொல்லல. பூதக்கண்ணாடி வச்சு நகக்கண்ணுல இருந்த மையப் பாத்தாரு. மை நல்லாத்தான் இருக்கு, ஆனா இவரு இன்னாரோட ஆளு, இங்கேருந்து இங்க வந்தாருன்னு பேப்பர் எதுவும் இல்லையே, எங்கள கேட்டா பின்னாடி வந்த பதிப்புன்னுதான் சொல்லணும்னு முடிச்சாரு. ஒருத்தன் பாகு ஜாடிய இந்தப் பக்கம் தள்ளுப்பான்னு கேட்டான். விஷயம் முடிஞ்சிருச்சு.

ரோவீனா பெல்கி அந்தத் தெருவுல பழைய புஸ்தகக் கட வச்சிருந்தா. இருபது வருஷமா ஆர்கட் பக்கத்துலதான் கார் நிறுத்துவா, ஆனா ஒரு நாளும் பேசுனதில்ல. அன்னிக்கு அவரு கட வாசல்ல தலையத் தொங்கப் போட்டு நின்னதப் பாத்து உள்ள கூப்பிட்டு ஒக்கார வச்சா. முழுக்கதையும் கேட்டுட்டு, மொதல்ல அவரத்தான் திட்டுனா.

"எழுத்துக் கோத்தவ பேரப் போட்டா விரல் தேஞ்சிருமாய்யா ஒமக்கு?"

"இப்ப புரியுது."

"நூத்தி எழுபது வருஷம் நின்னாத்தான் புரியும் போல. சரி, அவனுங்க கிட்ட உண்மையப் போயி ஏன் சொன்னீரு? உண்மைக்கு அடிக்குறிப்பு இருக்கா?"

வட்டத்துக்கு ஒரு பத்திரிக, மூணு மாசத்துக்கு ஒண்ணு, படிக்கிறது அந்த ஏழு பேரு. ரோவீனா உலகத்துலயே இல்லாத ஒரு ஆராய்ச்சி டாக்டர் பேருல அதுக்குக் கட்டுர அனுப்புனா. கடைசித் தாளு ஆர்கட்டே போட்டதில்ல, 1840 வாக்குல எவனோ ஒரு பைண்டர் கூடுதலா ஒட்டுனது, தாள் இல்லாத பிரதிதான் அசலான மொதப் பதிப்பு. நாப்பத்தோரு அடிக்குறிப்பு. அதுல பதினெட்டு, மத்த அடிக்குறிப்பப் பாக்கச் சொல்லுற அடிக்குறிப்பு. கட்டுர வந்த வாரமே டாக்டருக்குப் பாராட்டுக் கடிதாசு வந்துச்சு, நானும் ரொம்ப நாளா இதச் சந்தேகப்பட்டேன்னு. அப்புறம் ஒவ்வொருத்தனாத் தன் பிரதிய அசலாக்க ஆரம்பிச்சான். ஷேவிங் பிளேட எடுத்து, மூச்சப் புடிச்சுக்கிட்டு, நாப்பது வருஷமா பட்டுத் துணியில சுத்தி வச்சிருந்த தாளத் தானே அறுத்தான். அறுத்தது தெரிஞ்சா அசிங்கம்னு அடுப்புல போட்டான். ஆர்கட் தெனமும் அந்த வேனுக்குப் பக்கத்துல நின்னு கதவு வழியாக் கணக்கக் கேட்டுக்கிட்டிருந்தாரு. ஆறு, அஞ்சு, மூணு. செப்டம்பர்ல மெஹிட்டபெல் சொன்னா: ஒண்ணு. சொன்ன கொரல் கொஞ்சம் வேற மாதிரி இருந்துச்சுன்னு அவருக்குப் பட்டுச்சு.

அந்த ஒண்ணு வெதர்பியோடது. அது மடிப்பு வெட்டாத பிரதி. அச்சடிச்ச காகிதத்த மடிச்சுத் தைச்சு விப்பாங்க, வாங்குனவன் கத்தியால மடிப்ப வெட்டிப் படிக்கணும். இத 1796லேர்ந்து எவனும் வெட்டல. தாள எடுக்கணும்னா மடிப்ப வெட்டணும், வெட்டுனா வெட்டாத பிரதி போச்சு. வெட்டாட்டி பைண்டர் ஒட்டுன தாளோட இருக்குற மட்டமான பிரதி. மனுஷன் எளைச்சுப் போயிட்டாரு. மடிப்பு சேந்திருந்தா கடைசித் தாளும் அதுக்கு முந்துன தாளும் ஒரே காகிதம்தான், எவனும் அப்புறமா ஒட்டியிருக்க முடியாதுன்னு பால் ஊத்துறவன் பாத்தாக் கூடச் சொல்லிருவான். வெதர்பி அடிக்குறிப்பத்தான் பாத்தாரு.

அக்டோபர்ல ஆர்கட் அவரு வீட்டுக்கே போனாரு. ரோவீனா படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்புனா, வாயத் தொறக்காதேயும், நான் பைண்டர் வேலையப் பழுது பாக்குறவன்னு மட்டும் சொல்லும், அவரே வெட்டச் சொல்லுவாருன்னு. அப்படித்தான் ஆச்சு, வெதர்பி காகிதத்தத் தவிர எவன் மூஞ்சியையும் ஞாபகம் வச்சுக்கிற ஆளில்ல. வெதர்பி கத்திய எடுத்து அவரு கையில குடுத்துட்டாரு. குடுத்துட்டு சும்மா இருக்காம, மடிப்புக்குள்ள எட்டிப் பாத்து ஒதட்டப் பிதுக்குனாரு.

"வரியப் பாருங்க, எம்புட்டுக் கோணல். எழுத்து ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. எவனோ கையாலாகாதவன் பண்ண வேல."

ஆர்கட்டால பொறுக்க முடியல. "கையாலாகாதவனா? நாந்தான் கோத்தேன்யா அத. அவ இல்ல, போயிட்டா. அவ இல்லாம நான் கோத்தா இப்படித்தான் இருக்கும். மத்த பக்கமெல்லாம் அவ கோத்தது, பாரும், எப்படி நேரா நிக்குதுன்னு."

வெதர்பி பாத்தாரு. மொத தடவையா நெசமாவே பாத்தாரு. மடிப்பு, ஒரே காகிதம், அதே மை, ஆர்கட் நகக்கண்ணுல இருந்த அதே மை. மூஞ்சி மெதுவா மலர்ந்துச்சு. ஆறு பேரும் தாள எரிச்சுட்டானுங்க. உலகத்துலயே இனிமே இது ஒண்ணுதான். கத்திய மெல்ல வாங்கிக்கிட்டு, ஆர்கட்ட வாசல் வரைக்கும் கொண்டு வந்து விட்டு, ரொம்ப நன்றி பெரியவரேன்னு கதவச் சாத்துனாரு.

ஆர்கட் திரும்பி வந்தாரு. வேன் நகர மாட்டேன்னுருச்சு, அதனால பக்கத்துல நின்னு கதவு கிட்ட பேசுனாரு. கெடுத்துட்டேன், மெஹிட்டபெல். கோணல்னு சொன்னான். நீ இல்லாமக் கோத்ததுன்னு சொல்லிட்டேன். மத்ததெல்லாம் நீ கோத்ததுன்னும் சொல்லிட்டேன். இனிமே அவன் குடுக்க மாட்டான், நீ படு, நான் நிக்கிறேன்.

உள்ளேருந்து காலடிச் சத்தம் கதவு வரைக்கும் வந்துச்சு. அப்புறம் கேட்டா: "நான் கோத்ததுன்னு யாருகிட்டச் சொன்ன?"

"பல் டாக்டரு கிட்ட."

"வேற ஆளே கெடைக்கலயா ஒனக்கு?"

தாழ்ப்பாள் விலகுச்சு. துரு ஏறுன தாழ்ப்பாள், பேங்குக்குள்ள ஜன்னல் அதிந்துச்சு. குட்டையா, முன்கை பெருத்த ஒரு பொம்பள வெளிய வந்து, வேனப் பாத்தா, பேங்கப் பாத்தா, புருஷனப் பாத்தா. ஒண்ணுத்தையும் பெருசா மதிச்ச மாதிரி தெரியல.

அந்தச் சனிக்கிழம வெதர்பி பொட்டியத் தொறந்து ஹோட்டல் மேசையில வச்சு, மத்த ஆறு பேரு வயிறு எரியிறத ரசிச்சுக்கிட்டிருந்தாரு. மெஹிட்டபெல் ஆர்கட்டக் கூட்டிக்கிட்டு நேரா வந்தா, பொட்டியிலேருந்து பஞ்சாங்கத்த எடுத்தா, வெண்ண தடவுற கத்தியால சரக் சரக்குன்னு மடிப்ப வெட்டுனா. அம்மா, நீங்க யாருன்னு ஏதாவது பேப்பர் இருக்கான்னு வெதர்பி கேட்டுக்கிட்டே இருந்தாரு, அதத் தவிர வேற எதுவும் அவருக்குக் கேக்கத் தெரியல. அவ கடைசித் தாளக் கிழிச்சு ஜன்னல் பக்கம் திருப்பிப் படிச்சா. அத அவ கண்ணால பாக்குறது அதுதான் மொத தடவ. ஊரு சொல்லிக் கேட்டதுதான், பதினாறு வருஷமும் அதுக்கப்புறமும்.

"அய்யய்ய," அப்படின்னா. "இந்த வரி குடிச்சுட்டுப் போற மாதிரி போகுதே. இதயா அறுநூறு பேருக்கு வித்த? வெக்கமா இல்ல?"

"இருக்கு," அப்படின்னாரு ஆர்கட்.

அவ ஒக்காந்த மேசை ஒரு பக்கம் ஆடுச்சு. தாள நாலா மடிச்சா, குனிஞ்சு, மேசைக் காலுக்கு அடியில வச்சா. அழுத்திப் பாத்தா, ஆடல. "ஒக்காருய்யா," அப்படின்னா. பேன்கேக் ரெண்டு தட்டு சொன்னா.

அப்புறம் அவங்க ரெண்டு பேரும் சாயங்காலம் அந்தக் கதவு வழியா உள்ள போறாங்க, காலையில வெளிய வர்றாங்க. கதவுக்குப் பின்னாடி பேங்குச் சுவருதான் இருக்கு, அதப் பத்தி யாரும் கேட்டதில்ல. நகராட்சி ரெண்டு பேரையும் ஓட்டர் லிஸ்ட்ல சேத்துருச்சு. ரோவீனாவுக்கு ஒரு பழைய அச்சு மிஷின் கெடச்சது, மெஹிட்டபெல் கல்யாணப் பத்திரிக கோக்குறா, கீழ அவ பேரு மட்டும் வருது, ஆர்கட் மை தடவுறாரு. வெதர்பி தன் பட்டியல்ல திருத்தி எழுதிட்டாரு: மடிப்பு வெட்டப்பட்டது, கடைசித் தாள் பிரதியில் இல்லை, இருக்குமிடம் தெரியும். யாரு வெட்டுனாங்கன்னு எழுதல, ஆதாரம் இல்லையாம். ஆனா தெனமும் காலையில ஹோட்டலுக்கு வந்து பக்கத்து மேசையில ஒக்காந்து, காபி ஆறிப் போற வரைக்கும் அந்த மேசைக் காலையே பாத்துக்கிட்டிருப்பாரு. மெஹிட்டபெல் அவர ஒரு தடவ கூட நிமிந்து பாத்ததில்ல. பாகு வேணும்னா மட்டும் கைய நீட்டுவா, அவரு ஜாடிய எடுத்துக் குடுப்பாரு.